சுவருக்குள் இருந்த கரி

அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரை அம்மா கவ்வாத்துக் கத்தியின் நுனியால் நெம்பிக்கொண்டிருந்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசியிருந்த கலவை பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்ததை உள்ளங்கையில் வாங்கி, விரலால் கிளறி, கொட்டைப்பாக்களவு கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கினாள். மிச்சத்தைத் தரையில் தட்டிவிட்டுக் கரியை அடுப்புக்குள் போட்டாள். ஊதாங்குழலால் ஊதினாள். துண்டு ஓரத்தில் சிவந்து, ரயில் வாசம் வந்தது.

வெளியே மழை. எங்கள் பக்கத்து மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்பதே தெரியாது. பனியோடு பனியாக இறங்கி, கம்பளிக்குள் புகுந்த பிறகுதான் நனைந்தது தெரியும்.

அப்பா இருந்த காலத்தில் அந்தக் கத்தி கவ்வாத்து வெட்டும் தேயிலைச் செடியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. வெற்றிலைக் காம்பு கிள்ளக்கூட எடுக்க விடமாட்டார். அதைக்கொண்டுதான் அம்மா சுவரைக் குடைந்தாள்.

நான் வாசற்படியில் நின்றபடி, "வேணாம்மா, சொவரு விழுந்துரும்" என்றேன்.

அவள் திரும்பாமல் ஒரு பதில் சொன்னாள்.

அந்தப் பதிலை எழுதிவிடத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். போன வாரம் இந்தப் பத்தியில் நானுஓயாப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் குடையைப் பற்றி எழுதிச் சிரிப்பு மூட்டினேன். இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை. நேராக அந்தப் பதிலுக்குப் போகவும் முடியவில்லை. சாம்பல் மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

சாம்பல் மேடு

எங்கள் தோட்டம் பட்டிப்பொல ஸ்டேஷனுக்குக் கீழே இருந்தது. நானுஓயாவிலிருந்து மூச்சிரைக்க ஏறி வரும் எஞ்சின் அங்கே வந்து நின்று தண்ணீர் குடிக்கும். அந்த நேரத்தில் அடியில் சேர்ந்த சாம்பலையும், உருகிக் கட்டிபட்ட கசடையும் நீளக் கம்பியால் இழுத்துத் தண்டவாள ஓரமாகத் தள்ளுவார்கள். எத்தனையோ வருஷமாகத் தள்ளியது. ஸ்டேஷனுக்குக் கீழ்ச் சரிவில் அது ஒரு கறுப்பு மேடாக வளர்ந்து கிடந்தது. சுற்றிலும் பச்சையாக இருக்கும் ஊரில் அந்த ஒரு இடத்தில் மட்டும் புல் முளைக்காது.

வேறு யாருக்கும் வேண்டாத அந்த மேடு, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் பெண்களுக்கு விறகுக் காடு.

தோட்டத்தில் எரிக்கக் கிடைப்பது கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிதான். அதை மிலாறு என்போம். மழை மாதங்களில் மிலாறு எரியாது. அழும். புகையும். ஊதி ஊதிக் கண்ணுதான் சிவக்கும். ஆனால் ரயில் சாம்பலுக்குள் பாதி வெந்தும் வேகாததுமாகக் கரித்துண்டுகள் கிடக்கும். ஒரு கூடை கரி இருந்தால் அடுப்பு அணையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும், பக்கத்துக் காம்பராப் பேச்சாயி அக்காவும், இன்னும் பலரும் மேட்டுக்குப் போவார்கள். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய ஒற்றை அறை. கிழிந்துபோன கொழுந்துக் கூடையின் அடிப்பாகத்தைச் சல்லடையாக்கி, சாம்பலை அள்ளிப்போட்டுச் சலித்து, மேலே நிற்பதில் கரியை மட்டும் பொறுக்குவார்கள். கண் அதற்குப் பழகியிருந்தது. கசடும் கறுப்பு, கரியும் கறுப்பு. ஆனாலும் ஒரு துண்டைக் கையில் வாங்கியதுமே எது கனக்கிறது, எது கனக்கவில்லை என்று பிரித்துவிடுவார்கள்.

எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஒருவர் இருந்தார். சிங்களவர். வீட்டுக்குப் பின்னால் விளைந்த லீக்ஸ் ஒரு கட்டு நீட்டினால் நல்ல கரியாகவே ஒரு சவள் நிறைய அள்ளிக் கீழே தவறவிடுவார். "தவறிவிட்டது" என்பது போல வானத்தைப் பார்ப்பார். பேச்சாயி அக்கா அவருக்குத் 'தவற விட்ட மாமா' என்று பெயர் வைத்திருந்தாள்.

என் பள்ளிக்கூடச் சட்டை அந்தக் கரியடுப்பின் மேல் கட்டிய கொடியில்தான் காயும். வகுப்பில் பையன்கள் என்னை 'ரயிலு' என்று கூப்பிட்டதற்கு அதன் வாசம்தான் காரணம். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவன் நான். எழுத்தோடு அந்த வாசத்தையும் சேர்த்துத்தான் கற்றேன்.

ஒரு காய்ந்த காம்பரா

பழைய லயத்தில் ஒரே காம்பராவில் ஐந்து பேர் இருந்தோம். அம்மா, நான், அக்கா, அக்காவின் புருஷன், அவர்களுடைய கைக்குழந்தை. அக்காவின் புருஷனை நான் மச்சான் என்பேன். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் பேச்சு மாறாதவர்.

குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டே இருந்தது. மழை பிடித்தால் இழுப்பும் பிடிக்கும். பழைய லயத்துச் சுவர் மண்சுவர். உப்பு வைத்த பானை மாதிரி எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கும். அக்கா குழந்தையைச் சுவர்ப்பக்கம் படுக்க வைக்கமாட்டாள். தானே சுவராகப் படுத்துக்கொள்வாள்.

மச்சானின் அண்ணன்மார் கடல் தாண்டி இந்தியாவுக்கு, புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வா வா என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மலை முழுக்க 'போறதா, இருக்கிறதா' என்றுதான் பேச்சு. எங்கள் வீட்டுக்கு அந்தப் பேச்சு அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. அக்காவோ கடல் பார்த்ததில்லை. மச்சானும் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்தவர்கள், எங்கேயோ இருக்கிற ஊருக்குத் 'திரும்பிப் போவது' பற்றிப் பேசினார்கள்.

அம்மா ஒரு நாள் மச்சானிடம் நேராகவே கேட்டுவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"எனக்கு ஊரு ஆசையெல்லாம் இல்லீங்க அத்தே. புள்ள இழுக்குறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. காஞ்ச காம்பரா ஒண்ணு கெடச்சா நான் ஏன் போறேன்? கெடைக்கலேன்னா என்னைய நிறுத்தாதீங்க."

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான், காய்ந்த காம்பரா ஒன்றைப் பிடிப்பது. தோட்டத்தில் புது லயம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது எழுந்திருந்தது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் வீட்டுக்கு நடையாக நடந்தாள். மாரியம்மனுக்கும் நேர்ந்துகொண்டாள். எது பலித்ததோ, புது லயத்தின் இரண்டாவது வரிசையில் எங்களுக்கு ஒரு காம்பரா என்று சொன்னார்கள்.

மணலுக்குப் பதில்

மலையில் எல்லாம் உண்டு, மணல் கிடையாது. ஆற்று மணல் கம்பளைப் பக்கமிருந்து லொறியில் ஏற வேண்டும். மழையில் ரோடு சரிந்தால் லொறி வராது. வந்தாலும் தோட்டத்து லயத்துக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்?

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஒரு வழி கண்டுபிடித்தார். ரயில் சாம்பலை இடித்து, மணலுக்குப் பதிலாகச் சுண்ணாம்போடு சேர்த்துக் கலவை போடச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்தால் பிடிக்கத்தான் செய்யும். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதல் வரிசைக்குச் சாம்பல் சுமந்தது எங்கள் பெண்கள்தான். தாங்கள் சலித்துக் கரி பொறுக்கிக் கழித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து அள்ளி வந்தார்கள். அதுதான் பாதைக்குக் கிட்டே கிடந்தது. சிங்களக் கொத்தனார் ஒருவர், எல்லோருக்கும் 'பாஸ்', கருங்கல்லை அடுக்கி அந்தக் கலவையைத் திணித்துக் கட்டினார். காய்ந்த பிறகு ஆணி இறங்கவில்லை. கறுத்த சாம்பல் நிறம், பார்க்க அழகில்லை, ஆனால் இரும்பு. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகுதான் சாம்பலுக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததும் காவலும் வந்தது.

காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கு ஐயா அறிவித்தார். மேடு முழுவதும் இனித் தோட்டத்துக்கு. யாரும் அங்கே கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

"சாம்பலுக்கும் காவக்காரனா?" என்றாள் பேச்சாயி அக்கா, வரிசையில் நின்றபடியே. "நாளைக்கு நம்ம அடுப்புப் பொகைக்கும் ஒரு ஆளப் போடுவாங்க. போற வழியெல்லாம் எண்ணிக்கிட்டே போவான்."

கண்டாக்கு ஐயாவுக்குக் காதில் விழாதது போல ஒரு முகம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது வரிசைக்குச் சாம்பல் மாட்டு வண்டியில் மேட்டிலிருந்து நேராக வந்தது. மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று உத்தரவு. சலிக்க ஆள் வேண்டும் என்று பாஸ் கேட்டார். கொழுந்து அதிகமான காலம், பெண்களை விட முடியாது என்றார்கள். ஆகவே மேலோட்டமாக இடித்து, கட்டியும் தூளுமாக அப்படியே கலந்து கல்லிடுக்கில் அடைத்தார்கள்.

துரைக்கோ பாஸுக்கோ எங்களுக்கோ அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெண்கள் கரி பொறுக்கியதைத் தோட்டம் களவு என்று நினைத்தது. நாங்கள் அடுப்பு என்று நினைத்தோம். அது வீட்டுக்குச் செய்த வேலையும்கூட என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பால் பொங்கிய நாள்

புதுக் காம்பராவுக்குப் போன காலையில் அம்மா வாசலில் சாணம் தெளித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தாள். டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, சுண்ணாம்பு வாங்கப் போன என்னிடம், "வூட்டுக்கு மொத நாளு, கையோட கொண்டு போங்க தம்பி" என்று ஒரு பொட்டலம் சீனி கொடுத்தனுப்பியிருந்தார். பால் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மச்சான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கன்னத்தை வைத்தார்.

"காஞ்சுதான் இருக்கு" என்றார்.

ஒரு ஆணியைத் தேடி எடுத்து, கல் கொண்டு அடித்து, தன் பழைய கோட்டை அதில் மாட்டினார். பழைய லயத்தில் அந்தக் கோட்டு எப்போதும் தகரப் பெட்டிக்குள்தான் இருக்கும், பயணத்துக்கு எடுத்து வைத்த மாதிரி. அதை ஆணியில் பார்த்ததும் அம்மா என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினாள். ஆணி அவ்வளவு சுலபமாக இறங்கியது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றிரவு அக்கா முதல் தடவையாகக் குழந்தையைச் சுவர்ப்பக்கம் படுக்க வைத்தாள்.

பிறகு மழை பிடித்தது.

முதலில் பூச்சு தெறித்தது. கடுகு தாளித்த மாதிரிப் பொட்டுப் பொட்டாக. தெறித்த இடத்திலெல்லாம் உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி. கரி ஈரத்தைக் குடித்து ஊதுகிறது, ஊதிக் கலவையைத் தள்ளுகிறது. பின்னால் இதெல்லாம் புத்தகத்திலும் படித்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது, காலையில் எழுந்தால் பாயெல்லாம் சுண்ணாம்புத் தூள் என்பது மட்டும்தான். இடுக்கு வழியாகக் கறுத்த தண்ணீர் வழிந்தது. பழைய மண்சுவர் வேர்க்கத்தான் செய்தது. இது ஒழுகியது. குழந்தை மறுபடி இழுக்கத் தொடங்கியது. அக்கா மறுபடி சுவராகப் படுத்தாள்.

ஒரு விடிகாலை அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தாள். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. ஆனால் ரயில் வாசம் வந்தது. பின்சுவரைத் தொட்டவள் கையை உதறினாள். முந்தின நாள் அடுப்புச் சூடு சுவருக்குள் இருந்த கரியைப் பற்றவைத்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை வீசினாள். சுவர் சீறியது.

"சொவத்துக்குள்ள கரி வச்சிருக்கானுகடி" என்றாள் அக்காவிடம்.

பிள்ளை தூங்குகிற வீட்டில் சுவர் எரிந்தால் என்ன செய்வது? அப்பாவின் கத்தியை எடுத்து அந்த இடத்தைக் குடைந்து, கரியை எல்லாம் வெளியே எடுத்தாள். எடுத்த கரியை என்ன செய்வது? அடுப்பில் போட்டாள். மிலாறு நனைந்து கிடந்த காலம் அது. அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. எல்லா அடுப்புக்குப் பின்னாலும் ஒரு பொந்து.

துரையின் முன்

நான் எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். எதையும் எடுத்துச் சொன்னால் எவரும் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்பிய வயது.

முதல் வரிசை ஏன் நிற்கிறது, எங்கள் வரிசை ஏன் உதிர்கிறது என்று யோசித்தேன். முதல் வரிசையின் ஓரத்தில் ஒரு துண்டும் எங்கள் சுவரில் ஒரு துண்டும் உடைத்து உடைத்துப் பார்த்தேன். அதில் கரியே இல்லை. இதில் கரியில்லாத இடமே இல்லை. ஓடிப்போய்ப் பெண்களிடம் சொன்னேன். பேச்சாயி அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அடியே மீனாச்சி, ஓம் மவன் சொல்றதக் கேட்டியா? நாம திருடுன வீடு நிக்குதாம். அவுக காவல் காத்த வீடு கொட்டுதாம்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அதற்குள் கண்டாக்கு ஐயா எங்கள் வரிசையைப் பார்வையிட்டுப் போயிருந்தார். அவர் கண்ணில் பட்டது பொந்துகளும் பொந்துக்குக் கீழே எரிகிற கரியும்தான். ஆட்கள் சுவரைக் குடைந்து கரி எடுத்து வீட்டைக் கெடுக்கிறார்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்.

இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் கோர்த்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். துரை வெளியே வந்தார். நான் தடுமாறாமல் சொன்னேன். கரி பொறுக்கிய சாம்பல் இது, பொறுக்காத சாம்பல் இது, பெண்களை மறுபடி பொறுக்க விட்டால் வீட்டுக்கும் நல்லது, இந்த வரிசையின் கலவையைத் தோண்டி மாற்றித் தர வேண்டும் என்று.

அவர் முழுவதையும் கேட்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கேட்காமல் விரட்டியிருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். இரண்டு துண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் ஆங்கிலத்துக்குத் தோட்டத் தமிழில் பதில் சொன்னார்.

"நீ படிச்ச ஆளு. நல்லது. உன் அம்மா முன்னே மேட்டுலே கரி எடுத்தது. இப்போ சொவர்லே கரி எடுக்குது. நான் வீடு குடுத்தது. நீங்க அதை வெறகு ஆக்குனது."

பக்கத்தில் நின்ற கண்டாக்கு ஐயா சிரித்தார். துரை சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

கலவை மாற்றப்படாது, பொந்து போட்டவர்கள் தாங்களே மண் வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவானது. பழைய காம்பராவுக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், அதன் கூரைத் தகரத்தைக் கழற்றி மாட்டுப்பட்டிக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆணி

ஒரு சாயங்காலம் மச்சானின் கோட்டு ஆணியோடு கீழே விழுந்தது. யாரும் இழுக்கவில்லை. ஆணி இருந்த இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை.

மச்சான் கோட்டை எடுத்து உதறினார். மறுபடி ஆணி தேடவில்லை. மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பேச்சு மாறாதவர் என்று சொன்னேனே. அம்மா அவரைக் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

பாஸ்போட்டு, படம், அரசாங்கக் கச்சேரி என்று அலைந்து ஒரு வழியாகக் காரியம் முடிவதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு நான் பெட்டி சுமந்து போனேன். அம்மா லயத்துப் படியோடு நின்றுகொண்டாள். அக்கா குழந்தையைத் தன் சேலைக்குள் போட்டு மூடியிருந்தாள். இழுப்பு மட்டும் வெளியே கேட்டது. "அங்க வெயிலு அடிக்குமாம்டா தம்பி" என்றாள். என்னைத் தேற்றினாளா, தன்னையா என்று தெரியவில்லை.

எஞ்சின் தண்ணீர் குடித்தது. கம்பியை விட்டுச் சாம்பலை இழுத்துத் தள்ளினார்கள். பாதி வெந்த கரி நடுநடுவே கனன்றது. காவல்காரர் கோலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ரயில் நகர்ந்தது.

நான் இறங்கி வந்தபோதுதான் தொடக்கத்தில் சொன்ன காட்சி. அடைத்த பொந்தின் மண்ணைப் பெயர்த்து, அம்மா கவ்வாத்துக் கத்தியால் சுவரைக் குடைந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை நெருப்புக்குப் பயந்து இல்லை. சூடு கண்ட இடத்தோடு நிறுத்தவுமில்லை. கை எட்டுகிற தூரமெல்லாம் குடைந்தாள். ஒரு இடத்தில் சுவரின் மறுபக்கம் தெரிந்து, பனி உள்ளே வந்தது.

"வேணாம்மா, சொவரு விழுந்துரும்" என்றேன்.

"விழட்டும்" என்றாள் திரும்பாமல். "உள்ளதான் யாரு இருக்கா?"

கரி சிவந்தது. தண்ணீர் கொதித்தது. தேயிலை போட்டு, எனக்கு ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன்.